கம்ப்யூட்டர் இல்லாத ஊரில் கோபோல்

எழுபதுகளின் நடுவில் நான் மரக்காணத்தில் வேலை பார்த்தபோது, எங்கள் உப்பு இலாகா அலுவலகத்துக்கு மிக அருகில் இருந்த கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. பஸ் வழியில் படுத்துக்கொள்ளாமல் போனால் அரை நாள் பயணம். பயிற்சியின்போது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதை ஒரு முறை பார்த்திருக்கிறேன். குளிர்பதன அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் சூழ நின்றிருந்தது. அதன் பிறகு அதற்கும் எனக்கும் கடிதப் போக்குவரத்துதான்.

இருந்தும், ஜன்னலுக்கு வெளியே உப்பு அம்பாரங்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கும் அந்த ஓட்டுக் கட்டடத்தில் அமர்ந்துகொண்டு, கம்ப்யூட்டர் மொழிகளைப் பற்றி இரண்டு பேர் தினமும் சண்டை போட்டோம். ஒருவன் நான். மற்றவர் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்காரர். விவசாயக் குடும்பம், கணக்கில் பட்டம், எங்கள் அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளர். நான் கண்காணிப்பாளர். நான் கோபோல் கட்சி. அவர் ஃபோர்ட்ரான் கட்சி. இந்த இரண்டு மொழிகளையும் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்ப்யூட்டரிடம் ஒரு வேலையைச் சொல்ல ஏற்பட்ட இரண்டு விதமான எழுத்துமுறைகள் இவை. கோபோல் ஆங்கில வாக்கியமாக எழுதும். ஃபோர்ட்ரான் சூத்திரமாக எழுதும். கோபோல்காரர்கள் நாகரிகமானவர்கள். இது என் கருத்து, ஆனால் சரியான கருத்து.

நான் கோபோலை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று ஓய்வு பெற்ற பிறகு என் உறவுக்காரப் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கும் ஆளுக்கொரு மொழி இருக்கிறது, மற்ற மொழிக்காரர்கள் அறிவிலிகள் என்பதில் ஒற்றுமையும் இருக்கிறது. எனக்கு ஏதோ தரிசனம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறார்கள். நடந்தது இதுதான். எங்கள் இலாகா, உப்பளவாரியாக உற்பத்தி, இருப்பு, மழையில் கரைந்தது என்று மாதா மாதம் தயாராகும் அறிக்கையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டது. மழையில் கரைந்தது என்ற கட்டத்தில் மழை இல்லாத மாதங்களிலும் உப்பு கரைந்துகொண்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். சென்னையில் பயிற்சிக்கு எங்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கினார்கள், ஒன்று கோபோல், ஒன்று ஃபோர்ட்ரான். எது யாருக்கு என்று சுற்றறிக்கையில் இல்லை. சுற்றறிக்கையில் இல்லாததைத் தீர்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பணிமூப்பு. மொழிகளை ஆங்கில அகரவரிசையில் எழுதினேன். பக்கத்தில் ஆட்களைப் பணிமூப்பு வரிசையில் எழுதினேன். நேருக்கு நேர் கோடு போட்டேன். கோபோல் எனக்கு வந்தது. திருமணங்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன, அதற்குப் பிறகுதான் பொருத்தம் தெரிகிறது.

பொருத்தம் முதல் நாளே தெரிந்துவிட்டது. கோபோலில் எழுதும் எந்த புரோகிராமுக்கும் நான்கு பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் இது இன்ன புரோகிராம், எழுதியவர் இன்னார், இன்ன இடத்தில், இன்ன தேதியில் என்று எழுத வேண்டும். இரண்டாவதில் எந்த இயந்திரம் என்ற விவரம். மூன்றாவதில் கையாளப்போகும் ஒவ்வொரு பொருளையும் அதன் அளவோடு பதிவு செய்ய வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நான்காவது பிரிவு, வேலையைச் செய்வது. அந்தப் பிரிவின் பெயர் ப்ரொசீஜர் டிவிஷன். வகுப்பில் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்குச் சிலிர்த்தது. உலகத்தில் எங்கேயோ முகம் தெரியாத யாரோ என் மனசைப் படித்து ஒரு மொழி செய்திருக்கிறார்கள். சும்மா ஒரு கூட்டல் போடுவதற்குக்கூட முகப்பு, பதிவு, அளவு, ஒழுங்கு எல்லாம் வேண்டும் என்று கேட்கும் மொழி. அதுவரை அப்படிக் கேட்டதற்காக என்னை அலுவலகமே கிண்டல் செய்துகொண்டிருந்தது.

மரக்காணம் திரும்பியதும் வேலை நடந்த விதம் இது. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புரோகிராமை எழுதுவோம். பியூன் அதை மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுப்பார். சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் எங்களுக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். அங்கே பெண்கள் அமர்ந்து நாங்கள் எழுதியதை வரிக்கு ஒன்றாக அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அட்டைக்கட்டை இயந்திரம் படிக்கும். தப்பு இருந்தால் தப்புகளை எல்லாம் அச்சடித்துத் துப்பும். அந்தக் காகிதம் கோணியில் சுற்றப்பட்டுத் திரும்பி பஸ்ஸில் வரும். அட்டையில் ஓட்டை போடும் வேலையையாவது மரக்காணத்தில் செய்யலாம் என்று ஒரு பெட்டி நிறைய வெற்று அட்டைகளை எங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். உப்பங்காற்றில் அவை ஒரே மாதத்தில் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. அதற்குப் பிறகு அனுப்பவில்லை.

எங்கள் பியூன் எக்கியார்குப்பத்துக்காரர். அவரும் கோபோல் கட்சிதான். ஃபோர்ட்ரானில் தப்பு வந்தால் நாலைந்து தாள் வரும். கோபோலில் தப்பு வந்தால் மூட்டை வரும். பார்த்து முடித்த தாள்களை அவர் எடுத்துப் போவார். எக்கியார்குப்பத்தில் கருவாடு அதில்தான் மடிக்கப்பட்டது. "சார், இந்த வாரம் உங்களுது வருமா? இல்ல அவருதா?" என்று விசாரிப்பார். "அவருதுல ஒரு நெத்திலி மடிக்கக்கூட பத்தாதுங்க."

சண்டைக்குக் காரணம் தேடவேண்டிய அவசியமே இருந்ததில்லை. பிரம்மதேசத்துக்காரரின் தாளை நான் எட்டிப் பார்த்தால் போதும்.

"ஏம்பா, இதுல ஓபிஎஸ்டிகேன்னு எழுதியிருக்கியே, என்னா அது?"

"ஓப்பனிங் ஸ்டாக் சார். ஆரம்ப இருப்பு."

"அதை அப்படியே எழுதினா கை தேஞ்சிடுமா?"

"ஃபோர்ட்ரான்ல பேருக்கு ஆறு எழுத்துதான் சார். அதுக்கு மேல கூடாது."

"ஆறு எழுத்துல குடித்தனம் நடத்தறவனுக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்?"

"உங்களுக்கு முப்பது எழுத்து. பொண்ணும் குடுத்தாங்க. அந்தம்மா மெட்ராஸ்ல இருக்குது, நீங்க இங்க இருக்கறீங்க."

நான் அடுத்த வரிக்குப் போனேன்.

"சரி, இது என்னா? ஏ சமம் ஏ கூட்டல் ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒரே ஆளு. ஒரு பக்கத்துல மட்டும் ஒண்ணு அதிகம். இதை எந்த ஆடிட்டர் ஒத்துப்பான்?"

"அது சமம் இல்ல சார். வலது பக்கம் வர்றதை எடுத்து இடது பக்கத்துல போட்டுக்கோன்னு அர்த்தம்."

"அப்ப அப்படியே எழுத வேண்டியதுதானே?"

"அப்படி எழுதினா அதுக்குப் பேரு கோபோல் சார்" என்றார் அவர், ஏதோ ஒரு தொற்றுநோயின் பெயரைச் சொல்வது போல.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் திருமணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் சென்னையில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூர்களுக்கான டெலிபோன் அழைப்புகளை, போர்டில் விளக்கு எரியும் ஓட்டையில் கயிற்றைக் குத்தி இணைப்பது அவள் வேலை. சனிக்கிழமை மதியம் நான் பஸ் ஏறுவேன், ஞாயிறு இரவு திரும்புவேன். மற்ற நாட்களில் அவள், டெலிபோன் கோடு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் உரிமையைப் பயன்படுத்தி எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பாள். மரக்காணம் கோடு அளவுக்கு அடிக்கடி சோதிக்கப்பட்ட கோடு மாநிலத்தில் வேறு இருந்திருக்காது. நடுவில் இணைத்துத் தரும் திண்டிவனம் ஆபரேட்டர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் பேச்சு அளவோடு இருக்கும். ஆனால் கடைசிக் கேள்வி மாறாது: "மாத்தல் எப்பங்க வரும்?"

அந்த மாற்றலுக்கு ஒரு வழி திறந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு ஒன்று தொடங்குவதாகவும், பயிற்சி பெற்ற எங்கள் இருவரில் ஒருவரை அங்கே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகவும் சுற்றறிக்கை வந்தது. இரண்டு நிபந்தனைகள். மழைக்காலம் தொடங்கி உப்பளங்கள் மூடுவதற்குள் அவருடைய புரோகிராம் பிழையில்லாமல் ஓடி, அறிக்கை கைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாவது, அலுவலகப் பணிக்குக் குந்தகம் இல்லாமல் விடுவிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். முதல் நிபந்தனையின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன். இரண்டாவது, எல்லாச் சுற்றறிக்கையிலும் கடைசியில் தொங்கும் வால். அதை யாரும் படிப்பதில்லை. நான்கூட.

"உங்களுக்குதான் சார் அது" என்றார் பிரம்மதேசத்துக்காரர். "எனக்கு இங்கிருந்து வூடு கிட்ட. நான் எதுக்கு மெட்ராஸ் போவணும்?"

அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய புரோகிராம் மூன்றாவது பஸ்ஸிலேயே ஓடிவிட்டது. எழுதினார், அதிகாரியிடம் காட்டினார், அதிகாரி ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டுப் புரியாததால் கையெழுத்துப் போட்டார், போயிற்று, ஓடிற்று.

என் புரோகிராம் அதிகாரிக்குப் புரிந்தது. எல்லாக் கஷ்டமும் அங்கே ஆரம்பித்தது.

எங்கள் அதிகாரி பச்சை மை பேனா வைத்திருப்பவர். கீழே இருந்து வரும் எந்த வரைவையும் திருத்தாமல் அனுப்பியதில்லை. திருத்தாத வரைவில் கையெழுத்துப் போட்டால், தான் அதைப் படிக்கவில்லை என்று ஆகிவிடும் என்பது அவர் கொள்கை. கோபோலின் பெருமை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தது, கம்ப்யூட்டர் தெரியாத அதிகாரிகூட அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பது. அந்த மொழியைச் செய்தவர்கள் இந்தப் பக்கத்து அதிகாரி ஒருவரையாவது பார்த்துவிட்டுச் செய்திருக்கலாம்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் என் புரோகிராம், பாதி பச்சையாக.

"என்னய்யா இது, சைபரை மொத்தத்துக்கு நகர்த்து, இருப்பைக் கூட்டு, இதைச் செய், அதைச் செய்... யாருக்கு ஆணை போடறே?"

"மெஷினுக்கு சார்."

"மெஷின் யாருது?"

"அந்த இன்ஸ்டிட்யூட்டோடது சார்."

"அங்க தலைவரா இருக்கறவர் எனக்கு ரெண்டு கிரேடு மேல. நீ எனக்கு ரெண்டு கிரேடு கீழ. அவரோட மெஷினுக்கு நீ ஆணை போடுவே, கீழ என் கையெழுத்து இருக்கும். நல்லா இருக்குதா?"

நகர்த்து என்பதை நகர்த்தலாம் என்று மாற்றியிருந்தார். கூட்டு என்பதை, தங்களுக்கு ஆட்சேபணை இல்லையெனில் கூட்டலாம் என்று. ஒரே பத்தியை மூன்று இடத்தில் திரும்பச் செய்யும்படி எழுதியிருந்தேன். மேலே ஏற்கெனவே சொல்லப்பட்டது என்று இரண்டு இடத்தில் அடித்துவிட்டார். மழையில் கரைந்த உப்பைக் கழிக்கும் வரிக்குப் பக்கத்தில், வட்டாட்சியர் சான்றின் பேரில் என்று சேர்த்திருந்தார். கடைசி வரி, ஓட்டத்தை நிறுத்து. அதன் எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு, இது மேலிடத்தின் முடிவுக்கு உரியது என்று எழுதியிருந்தார். ஆங்கிலம் அப்பழுக்கில்லாதது. நானே அவ்வளவு நன்றாகத் திருத்தியிருக்க மாட்டேன்.

இடத்துக்குத் திரும்பிய என்னைப் பார்த்துப் பிரம்மதேசத்துக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"சார், அந்தப் பேப்பரை டிராயர்ல போடுங்க. உங்க பழைய காப்பி இருக்குது இல்ல, அதை அனுப்பிடுங்க. அவருக்கு எங்க தெரியப்போவுது?"

"ஏற்பளிக்கப்பட்ட வரைவு ஒண்ணு இருக்கும்போது ஏற்பளிக்கப்படாத வரைவை அனுப்பறதா? அது முறைகேடுய்யா."

"ஏற்பளிச்சது ஓடாதே சார்."

"ஓடலைன்னா அது மெஷினோட பொறுப்பு. முறைகேடுன்னா என் பொறுப்பு."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க ஒண்ணும் கோபோலைக் கத்துக்கலை சார்" என்றார். "நீங்க பொறந்ததே அப்படித்தான்." பாராட்டா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

திருத்தப்பட்டதைத் திருத்தப்பட்டபடியே அனுப்பினேன். சென்னையில் அட்டையில் ஓட்டை போடும் பெண்கள் கடமை தவறாதவர்கள். பச்சை மையில் இருந்ததை எழுத்து பிசகாமல் ஓட்டையாக்கினார்கள். திரும்பி வந்த மூட்டையைப் பியூன் தோளில் சுமந்து வந்தார், முகம் மலர்ந்திருந்தது. "சார், இது ஒரு சீசனுக்கு வரும்" என்றார்.

கம்பைலர் என்பது நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது. மாற்ற முடியாத வரிகளுக்கு எல்லாம் எண் போட்டுக் குறை சொல்லும். இந்த முறை அது சொல்லாத குறை இல்லை. அதிகாரி மூட்டையைத் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். வரிசை எண், பக்கத்தில் குறை, அடுத்த வரிசை எண், அடுத்த குறை. அவருக்குப் பழகிய வடிவம். முகம் தெளிந்தது.

"தணிக்கை ஆட்சேபணை மாதிரி இருக்குதே."

"மாதிரிதான் சார்."

"அப்ப வரி வரியா பதில் போட வேண்டியதுதானே? எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறே? முதல் ஆட்சேபணை என்னா சொல்லுது?"

"நகர்த்தலாம்ங்கிற வார்த்தை தெரியாதுன்னு சொல்லுது சார்."

"எழுதிக்கோ. அவ்வார்த்தை இந்த அலுவலகத்தில் நீண்டகாலமாகப் பழக்கத்தில் உள்ளது."

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் எழுதிக்கொண்டேன். ஆட்சேபணைக்குப் பதில் எழுதும் முறை எனக்கு அத்துப்படி, கை தானாக ஓடியது. இரண்டு நாள் அமர்ந்து ஒரு கம்ப்யூட்டருக்கு விளக்கம் எழுதினோம். சில பதில்கள் மிக நன்றாக அமைந்தன. அவை பஸ்ஸில் போயின. அங்கே யார் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று தெரியாது. பதில் வரவில்லை. பதில் வராததை அதிகாரி, நம் விளக்கம் ஏற்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டார்.

வானம் கிழக்கே கறுக்க ஆரம்பித்தது. உப்பளங்களில் அம்பாரங்களுக்கு ஓலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். டெலிபோனில் மனைவி கேட்டாள்:

"என்னங்க, அது ஓடிச்சா?"

"இன்னும் ஏற்பளிப்பு நிலையில இருக்குது."

"அந்த இன்னொருத்தருது?"

"அது என்னைக்கோ ஓடிட்டுது."

"அவர் எழுதற மாதிரியே நீங்களும் எழுதினா என்னா?"

நான் பதில் சொல்வதற்குள் திண்டிவனம் ஆபரேட்டர் குறுக்கே வந்து, "அதானே சார்?" என்றார்.

ஃபோர்ட்ரானில் எழுதியிருக்கலாம். பிரம்மதேசத்துக்காரர் சொல்லித் தரத் தயாராக இருந்தார். ஒரு வாரம் போதும் என்றார், போதும்தான். ஆனால் அந்த யோசனை வந்தபோதெல்லாம் எனக்கு வந்தது கோபம். என் கோபோலுக்கு என்ன குறை? குறை அதிகாரியிடம் இருக்கிறது. மொழி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

கடைசியில் வழி முறைக்குள்ளேயே இருந்தது. வரைவு என்றால்தான் அதிகாரி திருத்தலாம். கடிதத்தோடு போகும் இணைப்பைத் திருத்தக்கூடாது. அது வேறு ஒருவருடைய ஆவணமாகவும் இருக்கலாம். அதில் கை வைத்தால் ஆவணத்தைச் சிதைத்த குற்றம். எனவே புரோகிராமை மறுபடியும் சுத்தமாக எழுதி, மேல் ஓரத்தில் 'இணைப்பு' என்று போட்டு, அதற்கு முன்னால் ஒரு முகப்புக் கடிதம் வைத்தேன். இத்துடன் இணைக்கப்பட்டுள்ளதைத் தயவுகூர்ந்து இயந்திரத்தில் இட்டு உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. கடிதத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மோசமாக எழுதினேன். அதிகாரி மகிழ்ச்சியோடு அதைத் திருத்தினார், திருத்தியதைத் தட்டச்சு செய்த பிறகு மறுபடியும் திருத்தினார். இணைப்பைப் புரட்டிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். மேல் ஓரத்தில் இருந்த சொல்லைப் பார்த்தார். மூடி வைத்தார். ஒரு மனிதன் நடைமுறைக்கு அடங்கி நிற்கும் காட்சியை அவ்வளவு அழகாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அது ஓடியது. மழைக்கு முந்திய கடைசி பஸ்களில் ஒன்றில் அறிக்கை வந்தது. எடுத்துப் பிரித்தேன். ஆரம்ப இருப்பு என்று நான் எழுதிய இடத்தில் ஆரம்ப இருப்பு. கூட்டு என்று சொன்ன இடத்தில் கூட்டியிருந்தது. கழி என்ற இடத்தில் கழித்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். எல்லாம் மேலே போகும்போது ஒன்றாகப் போய், திரும்பும்போது வேறாக வந்தன, அல்லது வரவே இல்லை. நான் எழுதியபடியே, ஒரு சொல் மாறாமல் உலகத்தில் நடந்த முதல் வாக்கியங்கள் அவைதான். ஃபோர்ட்ரானில் எழுதியிருந்தாலும் இதே எண்கள் வந்திருக்கும். எனக்கும் அது தெரியும். ஆனால் நடந்தது என் வாக்கியம். மொழியோடு மனுஷனுக்கு ஒட்டுதல் வருவது வேகத்தினாலோ வசதியினாலோ இல்லை. முதல் முதலாக எந்த மொழியில் சொன்னபோது நம் பேச்சு எடுபட்டதோ, அதோடு வருகிறது. பிறகு அதன் குறைகளுக்கு எல்லாம் நாமே வக்கீலாகிவிடுகிறோம்.

பிரம்மதேசத்துக்காரர் என் அறிக்கையையும் தன் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். பிறகு, "உங்களுது மூணு மடங்கு நீளம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி இருவரையும் அழைத்தார். சுற்றறிக்கை அவர் முன் இருந்தது. முதல் நிபந்தனையில் இருவருமே தேறியிருந்தோம். இரண்டாவது நிபந்தனையின் மேல் பச்சை மைப் பேனா நின்றது.

"குந்தகம் இல்லாம விடுவிக்கக்கூடியவர்னு போட்டிருக்கான். யாரை விடலாம்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். "நீ எழுதறது எனக்குப் படிச்சா புரியுது. எங்க கூட்டறே, எங்க கழிக்கறேன்னு எல்லாம் தெரியுது. நாளைக்கு மேலயிருந்து கேட்டா நானே பதில் சொல்லுவேன். நீ போயிட்டா ஆபீஸ் நின்னுடும்." பிரம்மதேசத்துக்காரரிடம் திரும்பினார். "உன்னுது ஒரு எழவும் புரியலை. என்னா செய்யறான்னே தெரியாத ஆளு இல்லைன்னா, இல்லைங்கறதும் தெரியப்போறதில்ல. நீ கெளம்பு."

"சார், நான் போவணும்னு கேக்கலையே" என்றார் அவர் பரிதாபமாக.

"கேட்டவனை அனுப்பினா சிபாரிசும்பாங்க" என்றார் அதிகாரி.

அன்று சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பிரம்மதேசத்துக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு என்ன சொல்வது என்று அவருக்குக் கவலை. பிறகு குரலைத் தாழ்த்தி, சென்னையில் இன்னொரு இடம் வரப்போகிறது என்றார். அது ஃபோர்ட்ரானுக்கு மட்டும்.

"நான் அங்க போயி உங்க பேரைச் சொல்றேன் சார். ஒரு வாரம் ஒக்காருங்க. அந்தம்மாவுக்காவது ஒக்காருங்க."

"பார்க்கலாம்பா" என்றேன். அலுவலகத்தில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று பொருள். அவருக்கும் தெரியும். டீயைக் குடித்து முடித்தோம்.

மறுநாள் மனைவி அழைத்தாள். விவரம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, திண்டிவனம் சொல்லியிருந்தது.

"அந்த இன்னொரு மொழி, உங்களால முடியாதாங்க?"

"முடியும்."

"அப்புறம் என்னா?"

"மாட்டேன்."

இந்த இடத்தில் ஒரு நியாயமான மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் மாற்று வழி ஒன்று வைத்திருந்தேன், அதை எடுத்து வைத்தேன். திண்டிவனம் எக்ஸ்சேஞ்சில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே, கணவன் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்க விதி இருக்கிறதே, மனுவை நானே எழுதித் தருகிறேனே.

"திண்டிவனமா? அங்க இருக்கறது கையால சுத்தி மணி அடிக்கற பழைய போர்டுங்க."

"அதனால?"

"நான் இந்த போர்டுல கண்ணை மூடிக்கிட்டு கயிறு குத்துவேன். எந்த விளக்கு எரியுதுன்னு பாக்கவே வேணாம், கை போவும். அங்க போயி மாவரைக்கற திருகை மாதிரி சுத்திக்கிட்டு ஒக்காரணுமா?"

"ஒரு வாரத்துல பழகிடும்."

"பழகிடும். தெரியும்."

"அப்புறம் என்னா?"

"மாட்டேன்" என்றாள் என் மனைவி.

திண்டிவனம் ஆபரேட்டர், "எங்க போர்டுக்கு என்னாம்மா கொறைச்சல்?" என்று மனம் நொந்து கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, கோட்டின் வழியாகக் கேட்டது. இப்படிப்பட்ட இரண்டு பேரைச் சேர்த்து வைத்தவர்கள் ஜாதகத்தை நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்குமேல் வாக்குவாதம் இல்லை. அவளுக்கு என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என்ன காரணம் என்று அவளும் அப்புறம் கேட்டதே இல்லை. மிச்சமிருந்தது வெறும் பஸ், ரயில் கணக்கு.

மழை விட்டதும் மதுராந்தகத்தில் வீடு பார்த்தோம். அங்கிருந்து அவளுக்கு சென்னைக்கு ரயில் இருந்தது, எனக்கு செய்யூர் வழியாக மரக்காணத்துக்கு பஸ் இருந்தது. இரண்டுமே கூட்டம் நெரிகிறவை. வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஊர்ல யாருக்கு வேலை?"

"எங்க ரெண்டு பேருக்குமே இங்க இல்லீங்க" என்றாள் என் மனைவி.

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லீங்க."

"அவரு எந்தப் பக்கம் போவாரு?"

"தெக்க."

"நீ?"

"வடக்க."

"அப்ப எதுக்கும்மா இங்க வந்து குடி இருக்கணும்? யாராவது ஒருத்தர் விட்டுக் குடுக்கக்கூடாதா?"

"குடுக்கலாங்க" என்றாள் அவள். நான் சுவரில் சுண்ணாம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரம்மா சாவியை என் மனைவியின் கையில் வைத்தார். "காத்தால யாரு முன்னாடி கெளம்பறது?" என்று கேட்டார். "கெணத்துல வாளி ஒண்ணுதான் இருக்குது."

அதற்கு ஒரு முறை வகுத்துக்கொள்ளலாம் என்றேன். அதை இரண்டு பெண்களும் ஒத்துக்கொள்ளவில்லை.